கதவடைத்த மூன்று நாள்

என் வாழ்நாளில் நான் ஒரேயொரு வேலைநிறுத்தத்தில்தான் பங்குபற்றியிருக்கிறேன். அதில் முதல் மூன்று நாளும் மொன்றியலில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பக்கம் ஒரு வாடகை வீட்டில், கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்து பங்குபற்றினேன். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். அவர்கள் இங்கே பிறந்தவர்கள். ஸ்ட்ரைக் என்றால் அவர்களுக்குப் பதாகையும் பாட்டும் தெருவோரக் கோப்பியும்தான். சிரிக்கட்டும். அந்த மூன்று நாளில் இரண்டு நாளைப் பற்றி நானும் சிரிப்பேன். மூன்றாவது நாளைப் பற்றி அவர்களிடம் நான் முழுதாகச் சொன்னதில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஊரில் புரட்சி நடந்துகொண்டிருந்தது. அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள். எத்தனை இயக்கம் இருந்ததோ அத்தனை புரட்சி. மட்டக்களப்பில் எங்கள் வீதி மதிலில் ஒருவர் ஒட்டிய நோட்டீஸின்மேல் விடிவதற்குள் இன்னொருவர் ஒட்டிவிடுவார். நானும் கணவரும் அதையெல்லாம் விட்டு ஓடிவந்து அகதி விசாரணைக்குத் தேதி வராமல் காத்திருந்தோம். எங்களோடு ஒரே வீட்டில் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் இருந்தார். சொந்தமில்லை. விமானநிலையத்தில் பழக்கமாகி, வாடகையைப் பங்குபோட வந்து, வீட்டுக்குப் பெரியவராகவே ஆகிவிட்டவர். வீடு என்றால் இந்த ஊர்க் கணக்கில் 'மூன்றரை'. மூன்று அறை, அரை என்பது குளியலறை. படுக்கையறை எங்களுக்கு, முன்னறை அண்ணைக்கு.

அண்ணை ஊரில் அரசியல் வகுப்புக்குப் போனவர். ஒரு தடித்த சீ.ஆர். கொப்பி நிறையத் தொழிலாளர் வர்க்கம் பற்றிக் குறிப்பு வைத்திருந்தார். உடுப்புக்கூட அதிகம் கொண்டுவராத மனிதர் அந்தக் கொப்பியைக் கொண்டுவந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சமைத்துச் சாப்பிட்ட பிறகு அதை விரித்து எங்களுக்கு வகுப்பெடுப்பார். என் கணவர் ஐந்தாவது நிமிடத்தில் குறட்டை விடுவார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்பேன். மரியாதைக்காக இல்லை, உண்மையிலேயே பிடித்துத்தான் கேட்டேன். நாங்கள் மூவரும் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்ததால், அந்தக் கொப்பியில் எழுதியிருந்தது எங்களைப் பற்றித்தான் என்று எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

அஹுன்ட்சிக் பக்கம், உடுப்புத் தொழிற்சாலைகள் வரிசையாக நின்ற ஒரு வீதியில் எங்களுடையதும் ஒன்று. வெயில் கொளுத்தும்போது குளிர்கால மேலங்கி தைப்போம். நான் அங்கிக்கு உள்துணி பிடித்துத் தைப்பவள். கணவர் நீராவி இஸ்திரியில் நின்றார். அண்ணை துணி வெட்டும் பகுதியில் உருளை தூக்கினார்.

எனக்குப் பக்கத்து மெஷினில் இருந்தவள் இந்த ஊர்ப் பிரெஞ்சுக்காரி. ஐம்பது தாண்டியவள், அகலமான ஆள், கைகள் மட்டும் சின்னஞ்சிறியவை. எங்கள் மாடியில் யூனியனின் பிரதிநிதியும் அவள்தான். கோபம் வந்தால் கோயில் சாமான்களின் பெயரைச் சொல்லித் திட்டுவாள். நற்கருணைப் பேழை, பூசைக் கிண்ணம், ஒன்றும் தப்பாது. அது இங்குள்ளவர்களின் வழக்கம் என்று அப்போது எனக்குத் தெரியாது. நான் கன்னியாஸ்திரிகளிடம் படித்த பிள்ளை. நூல் அறும்போதெல்லாம் இவள் பீடத்தைக் கூப்பிடுகிறாளே, எவ்வளவு பக்தி என்று முதல் மாதம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அந்த மெஷினைப் பழக்கியவள் அவள். அவளுக்கு ஆங்கிலம் வராது, எனக்குப் பிரெஞ்சு வராது. நான் மெஷினை விரட்டினால் என் முழங்காலில் கையை வைத்து அமர்த்துவாள். தையலைத் தொடங்குமிடத்தில் நான் மூன்று தரம் பின்தையல் போடுவேன். வீட்டில் அம்மா பழக்கியது. அவள் இரண்டு விரலைக் காட்டி முறைப்பாள். துண்டுக்கு இவ்வளவு என்று சம்பளம் தரும் இடத்தில் மூன்றாவது தையல் வீண்வேலை. குளிர்காலத்தில் ஒருநாள் வீடு தேடி வந்து தன் மகளின் பழைய பூட்ஸைத் தந்துவிட்டுப் போனாள். நான் கட்லட் கொடுத்தேன். உறைப்பில் கண் கலங்கி, பூசைக் கிண்ணத்தைக் கூப்பிட்டு, இன்னொன்று கேட்டாள். இந்த நாட்டில் எனக்கு முதலில் கிடைத்த மனுசி அவள்தான்.

அந்தக் கோடையில் வழுக்கிக்கொண்டு ஓடும் ஒரு புது உள்துணி வந்தது. பிடிக்க இரண்டு மடங்கு நேரம் எடுத்தது. முதலாளி துண்டு வீதத்தைக் கூட்டாமல் குறைத்தார். ஒரு வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கை உயர்த்தினார்கள். நானும் உயர்த்தினேன். பக்கத்து மெஷின்காரி என்னைத் திரும்பிப் பார்த்து, "திங்கட்கிழமை கிரெவ். நீயும்தானே?" என்று கேட்டாள். கிரெவ் என்றால் வேலைநிறுத்தம். அந்தச் சொல் எனக்குத் தெரியும். நெஞ்சில் கையை வைத்துத் தலையாட்டினேன். எங்கே, எத்தனை மணிக்கு என்று அவள் சொல்லவில்லை; சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருப்பாள். நானும் கேட்கவில்லை. ஸ்ட்ரைக்குக்கு நேரம் எதற்கு?

ஊரில் எங்களுக்குத் தெரிந்தது ஹர்த்தால். கடை பூட்டு, பஸ் ஓடாது, பள்ளிக்கூடம் இல்லை. தெருவில் ஒரு குஞ்சு குருமான் தெரியக்கூடாது. வீதி எவ்வளவு வெறிச்சோடிக் கிடக்கிறதோ அவ்வளவுக்கு ஹர்த்தால் வெற்றி. வெளியே தலை காட்டியவன் துரோகி. அதற்கு முதல்நாள் பாணும் பருப்பும் வாங்கி வைத்துவிட்டு, கதவையும் யன்னலையும் சாத்திக்கொண்டு உள்ளே கிடக்க வேண்டும். யாராவது கதவைத் தட்டினால் அது ஆமியாக இருக்கும், அல்லது இயக்கப் பெடியளாக இருக்கும். இரண்டுக்கும் திறப்பது நல்லதில்லை.

அன்று மாலையே அண்ணை கட்டளை போட்டார். "தங்கச்சி, ஸ்ட்ரைக் எண்டால் முழு ஸ்ட்ரைக்காய் இருக்கோணும். நாங்கள் வெளியில திரிஞ்சு அவையின்ர போராட்டத்தைக் கெடுக்கப்படாது."

"ஓம் அண்ணை," என்றார் என் கணவர். "பாண், முட்டை, பருப்பு எல்லாம் இண்டைக்கே எடுத்து வச்சிருவம். மறுகா கடை பூட்டிருவாங்க."

மொன்றியலில் ஒரு கோட்டுத் தொழிற்சாலை நின்றால் மூலையில் இருக்கும் டெப்பனர் கடை ஏன் பூட்டப்போகிறது? எங்கள் மூவரில் ஒருவருக்கும் அப்படிக் கேட்கத் தோன்றவில்லை. மூன்று பாணோடும் இரண்டு டசின் முட்டையோடும் வந்த கணவரை நான் மெச்சவும் செய்தேன்.

திங்கட்கிழமை நன்றாகத்தான் இருந்தது. பல்கனியில் காய்ந்த உடுப்பை உள்ளே எடுத்தோம். ரேடியோவைத் தணித்து வைத்தோம். முந்நூற்றிநாலு விளையாடினோம், மூன்று பேரோடு அந்தச் சீட்டாட்டம் சரிவராது, ஆனாலும் விளையாடினோம். இப்போது எங்கள் தொழிற்சாலை வீதி வெறிச்சோடிக் கிடக்கும், முதலாளி தனியாக நின்று தலையில் கை வைத்துக்கொண்டிருப்பார் என்று அண்ணை வர்ணித்தார். எனக்குப் புல்லரித்தது. உண்மையாகச் சொல்கிறேன், ஊரில் எத்தனையோ ஹர்த்தாலுக்குக் கதவைச் சாத்தியிருக்கிறேன், ஆனால் மனமறிந்து சாத்தியது அன்றுதான். அந்தக் குறைத்த வீதம் என்னுடைய வீதம். அந்தக் கோபம் என்னுடைய சொந்தக் கோபம்.

செவ்வாய்க்கிழமை அண்ணைக்கு யன்னல் பிரச்சினையாகத் தெரிந்தது. எங்கள் வீடு முதலாம் மாடியில், தெருவைப் பார்த்தபடி இருந்தது. திரை இல்லை. சும்மா குந்திக்கொண்டு சீட்டாடுவதை வழியில் போகிறவர்கள் பார்க்கிறார்கள் என்றார். கோயில் பழஞ்சாமான் விற்பனையில் வாங்கிய தையல் மெஷின் ஒன்று என்னிடம் இருந்தது. பூப்போட்ட படுக்கை விரிப்பு ஒன்றை வெட்டித் திரை தைக்கத் தொடங்கினேன். புதன்கிழமை காலையும் அதைத்தான் தைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது கதவு தட்டப்பட்டது.

நான் மெஷினில் இருந்து காலை எடுத்தேன். கணவர் ரேடியோவை நிறுத்தினார். அண்ணை வாயில் விரலை வைத்தார். மறுபடியும் தட்டல். நான் நுனிக்காலில் நடந்துபோய், கதவில் பதித்திருந்த கண்ணாடித் துளையில் கண்ணை வைத்தேன்.

பக்கத்து மெஷின்காரி நின்றாள். தலையில் தொப்பி, கக்கத்தில் ஒரு கடதாசிப் பை, கையில் மட்டையில் செருகிய ஒரு தாள். என் பெயரைத் தனக்கு வந்தபடி கூப்பிட்டாள். இரண்டாம் தரமும் கூப்பிட்டாள். என் கை கொளுக்கியில் இருந்தது.

"திறக்காதேங்கோ தங்கச்சி," என்று அண்ணை மூச்சு விடுவதுபோலச் சொன்னார்.

அவள் மூன்று தரம் தட்டினாள். பிறகு சற்றுநேரம் சும்மா நின்றாள். பிறகு படியிறங்கிப் போகும் சத்தம் கேட்டது. நான் போய் மெஷினில் உட்கார்ந்தேன், ஆனால் தைக்கவில்லை.

மத்தியானம் பால் முடிந்துவிட்டது. கணவர் தயங்கித் தயங்கி டெப்பனருக்குப் போனார். போனவர் பாலில்லாமல் ஓடிவந்தார். கையில் அன்றைய பேப்பர்.

"இஞ்ச பாருங்க! எல்லாரும் ரோட்டுல நிக்கிறாங்க!"

உள்பக்கத்தில் ஒரு சின்னப் படம். எங்கள் தொழிற்சாலை வாசல். பதாகைகளைப் பிடித்தபடி நாற்பது ஐம்பது பேர். சிலர் மடக்குக் கதிரை கொண்டுவந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பொலிஸ்காரர் மதகில் சாய்வதுபோலக் காரில் சாய்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். நடுவில் பக்கத்து மெஷின்காரி வாயைத் திறந்து ஏதோ கத்திக்கொண்டிருந்தாள். நாங்கள் மூவரும் அந்தப் படத்தின்மேல் கவிழ்ந்து நின்றோம். எனக்கு முகம் சுட்டது.

"கொப்பியில வாசல்ல போய் நிக்கிறதப் பத்தி ஒண்டுமே எழுதல்லையா அண்ணை?" என்று கேட்டேன்.

"அது வேற நாட்டு நிலைமை தங்கச்சி," என்றார் அண்ணை. பிறகு குரலைத் தாழ்த்தி, "படம் எடுக்கிறாங்கள், பாத்தனீங்கள்தானே. எங்கட கேஸ் இன்னும் முடியேல்லை," என்றார். அவரைக் குறைசொல்ல முடியாது. ஊர்வலத்தில் எடுத்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு ஊரில் ஆமி வீடு வீடாக ஆள் தேடியதை நாங்கள் மூவருமே பார்த்தவர்கள்.

வியாழக்கிழமை நானும் கணவரும் போனோம். அண்ணை வரவில்லை. வாசலில் எங்களைக் கண்டதும் பேச்சு நின்றது. நான் நேரே அவளிடம் போய் போன்ஜூர் சொன்னேன். அவள் என்னைத் தாண்டி மற்றவர்களைப் பார்த்துத் தன் காலைத் தரையில் அழுத்தி, ட்ட்ட்ட் என்று வாயால் சத்தம் போட்டுக் காட்டினாள். தையல் மெஷின் சத்தம். பிறகு கையை வெட்டினாற்போல இறக்கினாள். சத்தம் நின்றதாம்.

கணவரோடு இஸ்திரியில் நின்ற ஹெய்ட்டி நாட்டுக்காரர் ஒருவருக்கு ஆங்கிலம் தெரியும். அவர்தான் தயங்கி விளக்கினார். முதலாளி வெட்டிய துணியைக் கட்டுக் கட்டாகச் சிலருடைய வீடுகளுக்கு இரகசியமாக அனுப்பித் தைப்பிக்கிறார் என்று கதை அடிபடுகிறது. நீ வீட்டில் தைத்துக்கொண்டிருந்தாய். தட்டியதும் நிறுத்தினாய். திறக்கவில்லை. வேறென்ன நினைப்பது?

மட்டையில் செருகிய தாளையும் அவர் காட்டினார். ஒவ்வொரு நாளும் வாசலுக்கு வந்தவர்களின் பெயருக்கு நேரே அடையாளம் போடும் பட்டியல். என் பெயருக்கு நேரே திங்களும் செவ்வாயும் சரி போட்டிருந்தது. நான் வரவேயில்லையே என்றேன். "இவள் போட்டாள். நீ சொல்லிவிட்டாய், அதனால் எப்படியும் வருவாய் என்று போட்டாள்," என்றார் அவர். புதன்கிழமைக் கட்டத்தில் இருந்து திங்கள்வரை பென்சிலால் பின்னோக்கி ஒரு கோடு இழுக்கப்பட்டிருந்தது. கோடு விழுந்தவர்களை ஸ்ட்ரைக் முடிந்த பிறகு யாரும் பக்கத்தில் உட்காரவிட மாட்டார்கள் என்றும் சொன்னார். வேலை போனால் இன்னொரு வேலை தேடலாம். அந்தக் கோடுதான் எனக்கு வலித்தது. ஒரு வார்த்தையை நம்பி இரண்டு நாள் எனக்காகப் பொய்யாகச் சரி போட்டவள், மூன்றாம் நாள் என் வாசலில் நின்றுவிட்டுப் போயிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை நான் திரையைக் கழற்றிச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் அதை மடியில் வைத்திருந்தேன். பிள்ளையைக் கொண்டுபோவதுபோல இருந்தது. வாசலில் எல்லோருக்கும் முன்னால் அதை அவள் கையில் திணித்தேன். அவள் வேண்டா வெறுப்பாக வாங்கினாள். பிறகு தையற்காரியின் குணம் விடவில்லை, விரித்துப் பார்த்தாள். பூப்போட்ட படுக்கை விரிப்பு. வளையம் கோக்க மேலே மடித்த மடிப்பு. தையல் தொடங்கிய இடத்தில் கட்டைவிரலை வைத்துத் தடவினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் உதடு எண்ணியது. தொழிற்சாலைத் தையலில் நான் இரண்டுக்குமேல் போடுவதை அவள் எப்போதோ நிறுத்தியிருந்தாள். மூன்று என்றால் அது என் வீட்டுக்கு நான் தைத்தது.

ஸ்ட்ரைக்குக்கு எதற்குத் திரை என்று ஹெய்ட்டிக்காரர் மூலம் கேட்டாள். நான் சொன்னேன். எங்கள் ஊரில் ஸ்ட்ரைக் என்றால் வீட்டுக்குள் இருப்பது, எல்லாவற்றையும் மூடுவது, தெருவில் ஒருவரும் நிற்கக்கூடாது. அவர் மொழிபெயர்த்து முடித்ததும் யாரோ சிரித்தார்கள். பிறகு பலர் சிரித்தார்கள். மூன்று நாள் படுத்துக்கிடந்து போராடினாளாம்!

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ தெரியாது. ஆங்கிலம் மறந்துபோய்த் தமிழிலேயே கத்தினேன். "என்ன சிரிப்பு? எங்கட ஊருல ரோட்டுல நிண்டா சுடுவாங்க! தெரியுமா உங்களுக்கு?" கையைத் துவக்குப்போல நீட்டி, வாசலில் நின்றவர்களை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை சுட்டுக் காட்டினேன். கணவர் என் தோளைப் பிடித்தார். அதை ஒருவரும் மொழிபெயர்க்கவில்லை. சிரிப்பு நின்றுவிட்டது.

பக்கத்து மெஷின்காரி மட்டையை எடுத்தாள். எழுதுவதற்கு முன் என் முகத்தைப் பார்த்து, தன் கண்ணைத் தொட்டு, தன் நெஞ்சைத் தொட்டு ஒரு கேள்வி கேட்டாள். மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. வந்தது நான்தான் என்று நீ பார்த்தாயா?

"நோன்," என்றேன். இல்லை.

அவள் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு அழிப்பானால் கோட்டை அழித்து, மூன்று கட்டத்துக்கும் மேலால் ஏதோ எழுதினாள். ஹெய்ட்டிக்காரர் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "வேலைநிறுத்தத்தில் இருந்தாள். வீட்டில்." அவள் ஒரு பதாகையைத் தூக்கி என் கையில் தந்தாள். அதில் என்ன எழுதியிருந்தது என்று தெரியாமலே அன்று முழுக்கப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த வேலைநிறுத்தம் மேலும் சில வாரம் நீடித்தது. நாங்கள் ஒருநாளும் தவறவில்லை. கமராவோடு யாராவது வந்தால் நான் முகத்தைத் திருப்புவேன். அதைக் கவனித்துவிட்டு, பிறகு கமரா வரும்போதெல்லாம் அவள் தன் அகலமான உடம்போடு எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். கடைசி வாரம் அண்ணையும் வந்தார், கொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு. முதலாளி குறைத்ததில் பாதியைத் திருப்பித் தந்தார். வெற்றி என்று யூனியன் சொன்னது. பாதி வெற்றி என்று அண்ணை கொப்பியில் எழுதினார்.

நான் மட்டும் அந்த மூன்று கட்டத்தை நினைத்துக்கொண்டே இருந்தேன். அண்ணை சொன்னதால்தான் திறக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது பொய். அண்ணை சொல்வதற்கு முன்பே என் கை கொளுக்கியில் அசையாமல்தான் இருந்தது. அவளுக்குப் பின்னால் பொலிஸ் நிற்குமோ, அந்தத் தாளில் கையெழுத்துக் கேட்பாளோ, அது எங்கள் கேஸில் போய் முடியுமோ என்றுதான் நினைத்தேன். திங்களும் செவ்வாயும் நான் வேலைநிறுத்தத்தில் இருந்தேன். புதன்கிழமை காலை, கண்ணை அந்தத் துளையில் வைத்த பிறகு, நான் ஒளிந்திருந்தேன். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பூட்டிய கதவுதான். ஊரில் ஹர்த்தால் முழு வெற்றி என்று இயக்கங்கள் நோட்டீஸ் ஒட்டும்போது, பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் எத்தனை பேர் மனத்தோடு இருந்தார்கள், எத்தனை பேர் பயத்தோடு இருந்தார்கள் என்று யார் எண்ணினார்கள்? நானே என்னை எண்ணியதில்லை.

எங்கள் கேஸ் முடிந்து, பிள்ளைகள் பிறந்து, எனக்கும் ஒருவழியாகப் பிரெஞ்சு வந்தது. தொழிற்சாலைப் பிரெஞ்சு, கோயில் சாமான்களோடு சேர்த்து. அவள் ஓய்வு பெறும் வாரம், மதியச் சாப்பாட்டு நேரம், அவளுக்காகச் சுட்ட கட்லட்டை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னேன். அன்றைக்கு நான் பார்த்தேன். நீதான் என்று தெரிந்துதான் திறக்கவில்லை. பிறகு உன் முகத்துக்கு நேரே பொய்யும் சொன்னேன். சொல்லி முடிக்க முன்பே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் கட்லட்டைப் பிய்த்து வாயில் போட்டாள். "எனக்குத் தெரியும்," என்றாள். "உன் கதவில் இருந்த துளையில் வெளிச்சம் இருந்தது. பிறகு இல்லாமல் போனது. யாரோ கண்ணை வைத்தால்தான் அது இருட்டும். உன் உயரத்துக்கு எக்கித்தான் பார்க்க வேண்டும்; கால் மரத்தரையில் உரசியதும் கேட்டது."

"பிறகு ஏன் அப்படி எழுதினாய்?"

அவள் உறைப்பில் கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு, நூல் சிக்கினால் என்னை முறைப்பதுபோலவே முறைத்தாள். "நீ முதலாளிக்குத் தைக்கவில்லை. வீட்டில்தான் இருந்தாய். இருந்ததைத்தான் எழுதினேன். கதவைத் திறந்தாய் என்று நான் எங்கேயாவது எழுதினேனா?"